ஊரிலேயே பி.எஸ்சி. படித்தால் மேற்படிப்பு வாசல் அடைபட்டுவிடுமா?

பாம்பன் தகப்பன்:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். உயிரியல், கணிதம் இரண்டும் உள்ள பிரிவு, அரசுப் பள்ளி. கடல் உயிரியலில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலிருந்தே சொல்லிவருகிறாள். நீட் எழுதச் சொன்னோம். மாட்டேன் என்று உறுதியாக நின்றாள். நாங்களும் வற்புறுத்தவில்லை.

இப்போது இரண்டு இடங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உள்ள அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல். மற்றொன்று சென்னையில் ஊரறிந்த தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் அதே பாடம். சென்னையில் கட்டணமும் விடுதியும் சேர்ந்தால் எங்கள் வீட்டு வருமானத்தில் பெரும்பங்கு போய்விடும். நான் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் தொழில் செய்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, எனக்கும் வேலை கிடையாது. கல்லூரிகள் பணம் கட்டச் சொல்வதும் அந்த நாட்களில்தான்.

"ஊர்க் கல்லூரியில் படித்தவளை நாளைக்கு எந்தப் பெரிய நிறுவனமும் சீந்தாது, வெளிநாட்டை மறந்துவிட வேண்டியதுதான், கடன் வாங்கியாவது சென்னைக்கு அனுப்பு" என்கிறார்கள் உறவினர்கள். இது எந்த அளவுக்கு உண்மை? படித்தவர்கள், பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். பணத்துக்காக மகளின் வழியை நான் அடைத்துவிடக் கூடாது.

கீழக்கரை வாசி:

அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. உறவினர்கள் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். நான் நம் மாவட்டத்தில் பொறியியல் படித்து, பிரிட்டனில் முதுநிலை முடித்து, இப்போது துபாயில் வேலை பார்க்கிறேன். என்னோடு விண்ணப்பித்தவர்களில் திருச்சி என்ஐடியில் படித்தவர்களுக்கு அந்தப் பெயரே பாதி அறிமுகமாக இருந்தது. நான் என் கல்லூரி எங்கே இருக்கிறது, அங்கே என்ன பாடத்திட்டம் என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இதில் யாருடைய தப்பும் இல்லை. ஏற்கெனவே பத்து மாணவர்களை அனுப்பிய கல்லூரி என்றால், அங்கே 75 விழுக்காடு வாங்கியவர் எப்படிப் படிப்பார் என்று அவர்களுக்குத் தெரியும். கேள்விப்படாத கல்லூரியின் 85 விழுக்காட்டை எப்படி எடைபோடுவது? பிரிட்டனில் சில பல்கலைக்கழகங்கள் இந்தியக் கல்வி நிறுவனங்களை வகைபிரித்து, ஒரு வகைக்குக் குறைந்த மதிப்பெண்ணும் இன்னொரு வகைக்குக் கூடுதல் மதிப்பெண்ணும் கேட்கின்றன. இதைத் தங்கள் இணையப் பக்கத்திலேயே வெளிப்படையாகப் போட்டிருக்கின்றன.

கூடப் படிப்பவர்களையும் யோசியுங்கள். வகுப்பில் பத்துப் பேர் நுழைவுத் தேர்வுக்குப் படித்தால் பதினோராவது ஆள் தானாகப் படிப்பார். ஒருவரும் படிக்காத இடத்தில் தனியாக உட்கார்ந்து படிக்க எவ்வளவு மன உறுதி வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

பரமக்குடி ஓய்வு ஆசிரியர்:

ஐயா, நான் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மேலே தம்பி எழுதியது வெளிநாட்டு விண்ணப்பத்துக்குப் பொருந்தும். உங்கள் மகள் போகவேண்டிய வழியில் அதற்கு முன் இன்னொரு கட்டம் இருக்கிறது. அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

அறிவியல் ஆராய்ச்சிக்குப் போகும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பி.எஸ்சி. முடித்ததும் நேராக பிஎச்.டி.க்குப் போவதில்லை. நடுவில் எம்.எஸ்சி. இருக்கிறது. இந்தியாவில் நல்ல எம்.எஸ்சி. இடங்களில் பெரும்பகுதி நுழைவுத் தேர்வில்தான் முடிவாகிறது. ஐஐடிகளுக்கு ஜாம் தேர்வு: 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். தரவரிசை வந்ததும் அதன்படி இடம் ஒதுக்குகிறார்கள், நேர்முகம் கிடையாது. இளநிலை எங்கே படித்தாய் என்று கேட்க அங்கே ஆளே இல்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் க்யூட் முதுநிலைத் தேர்வு வந்திருக்கிறது. திருவாரூரும் புதுச்சேரியும் அதில் அடக்கம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கடலியல், கடல் உயிரியல் துறை அந்தமானில் போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) இயங்குகிறது; உங்கள் மகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். கொச்சியில் குசாட் பல்கலைக்கழகமும் தனியாக நுழைவுத் தேர்வு நடத்துகிறது. நம் பக்கத்திலேயே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. இங்கெல்லாம் பாம்பன் பிள்ளையும் சென்னைப் பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

எம்.எஸ்சி.க்குப் பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) தகுதி வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு ஆராய்ச்சியில் சேரலாம். அதுவும் எழுத்துத் தேர்வுதான். இப்படி ஒவ்வொரு படி ஏறும்போதும் முந்தைய படியின் பெயர் மங்கிக்கொண்டே வரும். எம்.எஸ்சி. எங்கே முடித்தாள் என்பதைத்தான் பிறகு பார்ப்பார்கள்.

ஆனால் ஒரு கதவு உண்மையாகவே மூடும். அதை மூடுவது எடுக்கும் பாடம். மீன் வளர்ப்பு, மீன் நோய், இறால் பண்ணை இவற்றில் ஆர்வம் என்றால் எம்.எஃப்.எஸ்சி. என்ற மீன்வள முதுநிலைப் பட்டம் படிக்க வேண்டியிருக்கும், அதற்குப் பொதுவாக நான்காண்டு மீன்வள அறிவியல் பட்டம் கேட்கிறார்கள், விலங்கியல் பட்டத்தை வைத்துக்கொண்டு உள்ளே போவது கடினம். தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கலந்தாய்வு. பவளப்பாறை, கடல்புல், கடற்பசு, உயிரினப் பன்மை என்றால் விலங்கியலே போதும். "கடல் உயிரியல்" என்று பிள்ளை சொல்லும்போது மனத்தில் எதை வைத்துச் சொல்கிறாள் என்று முதலில் கேளுங்கள். சென்னையா ஊரா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

ராமேஸ்வரம் நண்பன்:

கலாம் ஐயா பிறந்த ஊரில் இருந்துகொண்டு இந்தச் சந்தேகம் ஏன்? திறமை இருந்தால் எந்தக் கல்லூரியில் படித்தாலும் மேலே வரலாம்.

கீழக்கரை வாசி:

தம்பி, கலாம் ஐயா பள்ளிப் படிப்புக்கே தீவை விட்டு ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளிக்கு வந்தவர். பிறகு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்து, சென்னை எம்ஐடியில் வானூர்திப் பொறியியல் படித்தார். எம்ஐடி கட்டணத்துக்காக அவருடைய சகோதரி தன் நகைகளை அடகு வைத்தார். நல்ல கல்லூரி தேடி ஊரைவிட்டு ஊர் போனவருடைய வாழ்க்கையைக் காட்டி, எந்தக் கல்லூரியானாலும் ஒன்றுதான் என்று சொல்லலாமா?

பரமக்குடி ஓய்வு ஆசிரியர்:

தம்பி சொல்வது சரிதான். அதோடு 1950-களின் சேர்க்கை முறை வேறு, இன்றைய முறை வேறு. அவர் மேல் நமக்குள்ள மரியாதையை வைத்து இந்தப் பெண்ணின் கல்லூரியை முடிவு செய்ய வேண்டாம்.

கடல் கடந்தவள்:

பாம்பன் ஐயாவுக்கு வணக்கம். நான் தங்கச்சிமடத்துப் பெண். நம் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி., பரங்கிப்பேட்டையில் எம்.எஸ்சி., இப்போது அமெரிக்காவில் கடல் சூழலியலில் பிஎச்.டி. செய்கிறேன். அம்மா கடற்பாசி எடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். வெளிநாடு பற்றி நான் பார்த்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மூன்றாண்டுப் பட்டம் பற்றிய பயம். அமெரிக்காவில் இளநிலை என்பது நான்கு ஆண்டு. அதனால் நம் மூன்றாண்டு பி.எஸ்சி.யை மட்டும் வைத்து விண்ணப்பித்தால் பல பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. பட்டங்களை மதிப்பிட்டுத் தரும் டபிள்யூஇஎஸ் என்ற அமைப்பு, முதல் அல்லது இரண்டாம் வகுப்பில் தேறியிருந்து, பட்டம் வழங்கிய நிறுவனத்துக்கு நாக் (கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்குத் தரம் வழங்கும் தேசிய அமைப்பு) தரச்சான்றில் 'ஏ' அல்லது அதற்கு மேல் இருந்தால், மூன்றாண்டுப் பட்டத்தையும் இணையாகக் கொள்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது "பட்டம் வழங்கிய நிறுவனம்" என்பதை. நம் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகளுக்குப் பட்டம் தருவது காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம். அது 2017-இல் 3.64 புள்ளியோடு 'ஏ பிளஸ்' வாங்கியது. சென்னைத் தன்னாட்சிக் கல்லூரியில் படித்தாலும் பட்டத்தில் கையெழுத்திடுவது சென்னைப் பல்கலைக்கழகம்தான். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு இடத்துக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. எம்.எஸ்சி.யும் முடித்துவிட்டால் ஐந்தாண்டு ஆகிவிடும், இந்தப் பேச்சே எழாது.

அடுத்தது, விண்ணப்பத்தில் எதைப் படிக்கிறார்கள் என்பது. மதிப்பெண் பட்டியல், ஆய்வு நோக்கம் பற்றி நாம் எழுதும் கட்டுரை, மூன்று பரிந்துரைக் கடிதங்கள். ஜிஆர்இ என்ற மேற்படிப்புத் தகுதித் தேர்வை 2020-க்குப் பிறகு என் துறையில் பலரும் கைவிட்டுவிட்டார்கள். அதனால் கடிதங்களின் கனம் கூடியிருக்கிறது. கடல் சூழலியல் போன்ற துறைகளில் ஒரு பேராசிரியர் "இவரை என் ஆய்வகத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்று முன்வந்தால்தான் சேர்க்கை. விண்ணப்பக் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பரில் வரும். அதற்குச் சில மாதம் முன்பே அவருக்கு மின்னஞ்சல் எழுதிப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

கல்லூரியின் பெயர் எங்கே வேலை செய்கிறது என்றால் இந்தக் கடிதங்களில்தான். நம் ஊரில் வழக்கமாக எழுதப்படும் கடிதம் இப்படி இருக்கும்: "இவரை மூன்றாண்டுகளாக அறிவேன். ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி. இவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்." எழுதியவர் மனமார எழுதியிருப்பார். ஆனால் இதைப் படிக்கும் குழுவுக்கு இதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. இதே வரிகள் நூறு விண்ணப்பங்களில் வந்திருக்கும். பரங்கிப்பேட்டையில் என் ஆசிரியர் எழுதிக் கொடுத்ததில், நான் எந்த முகத்துவாரத்தில் எந்த மாதங்களில் மாதிரி எடுத்தேன், ஒருமுறை உப்புத்தன்மை அளவு ஒத்துவராதபோது கருவியைச் சரிபார்த்து எப்படி மறுபடி அளந்தேன், அந்த வேலையில் எந்தப் பகுதி என் சொந்த யோசனை என்று எழுதியிருந்தார். இதுவரை அவர் வழிகாட்டிய மாணவர்களில் நான் எந்த இடத்தில் நிற்கிறேன் என்பதையும் சொல்லியிருந்தார். என் பேராசிரியர் பிறகு என்னிடம் பேசியபோது அந்த உப்புத்தன்மை விஷயத்தைத்தான் கேட்டார். பி.எஸ்சி. படித்த கல்லூரியைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை.

பெரிய கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் ஆசிரியர் இருக்க வாய்ப்பு அதிகம். அவர் எழுதிய கடிதங்கள் முன்பே வெளிநாட்டுக்குப் போயிருக்கும். கீழக்கரை அண்ணன் சொல்வதில் உள்ள உண்மை இதுதான் என்று நினைக்கிறேன். அப்படியானால் நாம் கேட்க வேண்டியது, "இந்த மூன்றாண்டில் என் மகளின் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதக்கூடியவர் எங்கே கிடைப்பார்?" என்பதை. அந்த ஆள் கல்லூரிக்குள்தான் இருக்க வேண்டும் என்று விதி இல்லை.

சென்னை வகுப்பறை:

சகோதரி எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் சென்னையில் அப்படிப்பட்ட கல்லூரி ஒன்றில்தான் படிக்கிறேன். வகுப்பில் ஏறக்குறைய அறுபது பேர். ஆராய்ச்சி செய்யும் ஆசிரியர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். ஆனால் அவர்களோடு சேர்ந்து வேலை செய்ய எல்லோரும் முண்டியடிப்பார்கள். மூன்றாம் ஆண்டு வரை பெயர்கூடத் தெரியாமல் போகிறவர்களும் உண்டு. இடம் கிடைத்ததாலேயே கடிதம் கிடைத்துவிடாது. நூலகம் மிக நன்றாக இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும்.

ஐயா, உங்கள் மகளுக்குக் கிடைத்தது அரசு உதவிபெறும் பிரிவிலா, சுயநிதிப் பிரிவிலா? இரண்டுக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு.

பாம்பன் தகப்பன்:

சுயநிதிப் பிரிவு, மாலை வகுப்பு. உதவிபெறும் பிரிவில் விண்ணப்பித்தோம், கிடைக்கவில்லை.

மண்டபம் முகாம்:

ஐயா, நான் மண்டபத்தில் ஓர் ஆய்வுத் திட்டத்தில் ஒப்பந்த உதவியாளராக வேலை செய்கிறேன். கடிதம் எழுத ஆள் எங்கே கிடைப்பார் என்று தங்கை கேட்டாரே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947 பிப்ரவரி 3 அன்று தொடங்கியது, தொடக்க காலத்தில் அதன் தலைமையகம் நம் மண்டபம் முகாமில்தான் இருந்தது. 1971-இல் அது கொச்சிக்குப் போனது. மண்டபத்தில் இன்றும் நிறுவனத்தின் மையம் இருக்கிறது. கடற்பாசி ஆராய்ச்சிக்கு சிஎஸ்ஐஆர் என்ற மத்திய அறிவியல் ஆராய்ச்சி அமைப்பின் நிலையமும் மண்டபத்தில் இருக்கிறது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. விலங்கியல் பாடப் புத்தகத்தில் பாலனோகுளாசஸ் என்று ஒரு புழுவின் படத்தை நாடு முழுவதும் பிள்ளைகள் வரைகிறார்களே, அது வாழும் இடமாகப் பாடத்தில் வரும் குருசடைத் தீவு உங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்கா ஆயின. எங்கிருந்தோ ரயில் ஏறி இதைப் பார்க்க வருகிறார்கள். சென்னையில் படிக்கும் பிள்ளை களப்பணி என்று வந்தால் நம் கரைக்குத்தான் வர வேண்டும்.

ஆனால் பக்கத்தில் இருப்பதாலேயே கதவு திறந்துவிடாது. கல்லூரி முதல்வர் அல்லது துறைத் தலைவரின் கடிதம் வேண்டும். "ஏதாவது வேலை இருந்தால் கொடுங்கள் சார்" என்று வருகிற பிள்ளைகளை விஞ்ஞானிகள் அன்பாகப் பேசி அனுப்பிவிடுவார்கள். அந்த விஞ்ஞானி எழுதிய கட்டுரை ஒன்றைப் படித்து, புரியாத இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து கேட்கிற பிள்ளையை உட்காரச் சொல்வார்கள். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வேலை என்றால் என்ன வேலை? ஒரு பெண் விடுமுறையில் வந்தாள், அரசுக் கல்லூரி மாணவி. அவளிடம் மிதவை உயிரி எண்ணும் வேலையைக் கொடுத்தார்கள். செட்ஜ்விக் ராஃப்டர் என்று ஒரு கண்ணாடித் தகடு. 50 மில்லிமீட்டர் நீளம், 20 அகலம், 1 ஆழம். அதில் சரியாக 1 மில்லிலிட்டர் நீர் நிற்கும். அடியில் ஆயிரம் கட்டங்கள். மூடியைக் குறுக்காக வைத்து மெல்லத் திருப்பி மூட வேண்டும், இல்லாவிட்டால் காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டு எண்ணிக்கை கெட்டுவிடும். நுண்ணோக்கியில் ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, இது டயாட்டம் (நுண்பாசி), இது கோப்பிபாடு (மிகச்சிறிய ஓட்டுயிரி) என்று பிரித்து எண்ண வேண்டும். முதல் வாரம் அவள் எண்ணியதையும் மூத்தவர் எண்ணியதையும் வைத்துப் பார்த்தால் பொருந்தவே இல்லை. விடுமுறை முடியும்போது அவள் எண்ணிக்கையை அப்படியே அட்டவணையில் ஏற்றினார்கள். அவளுக்குக் கடிதம் எழுத இப்போது ஒருவர் இருக்கிறார். எழுதுவதற்கு விஷயமும் இருக்கிறது.

மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்களை நாட்டின் பெரிய ஆய்வகங்களுக்கு இரண்டு மாதம் அனுப்புவார்கள். அறிவிப்பு ஆண்டுக் கடைசியில் வரும். நம் கல்லூரிகளில் இதை யாரும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதில்லை, பிள்ளைதான் தேடிப் பார்க்க வேண்டும்.

கீழக்கரை வாசி:

நல்ல செய்திகள். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மனசாட்சி உறுத்தும். நான் படித்த கல்லூரியின் பெயரை எழுத மாட்டேன். அங்கே ஆய்வகச் சோதனைகளில் பாதியை நாங்கள் செய்ததே இல்லை. மூத்த மாணவரின் பதிவேட்டைப் பார்த்து எங்கள் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். கருவிகள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியே இருந்தன. நான்காண்டு இப்படிப் போன பிறகு முதுநிலை ஆய்வகத்தில் கை நடுங்கியது. சேர்க்கை கிடைப்பது ஒரு பாதி. சேர்ந்தபின் தாக்குப்பிடிப்பது மறுபாதி. நுழைவுத் தேர்வில் எல்லோரும் ஒரே வரிசை என்று ஆசிரியர் ஐயா எழுதினார். அந்த வரிசைக்கு வந்து சேரும் முன் யாருக்கு என்ன கிடைத்தது என்பது ஒரே மாதிரி இல்லையே? நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு ஜாம் என்று ஒரு தேர்வு இருப்பது இறுதியாண்டில்தான் காதில் விழுகிறது?

பரமக்குடி ஓய்வு ஆசிரியர்:

மறுக்க மாட்டேன், தம்பி. நீங்கள் சொன்னதெல்லாம் நடக்கிறது. கோபப்பட வேண்டிய விஷயம்தான். அதனால்தான் கல்லூரியில் சேரும் முன்பே ஆய்வகத்தை நேரில் போய்ப் பாருங்கள் என்கிறேன். நுண்ணோக்கியின் மேல் தூசி படிந்திருக்கிறதா, மாணவர் கைபட்டுத் தேய்ந்திருக்கிறதா என்பதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். இறுதியாண்டு மாணவி ஒருத்தியிடம் "இந்த செமஸ்டரில் நீயே செய்த சோதனை எது?" என்று கேட்டால் மீதி தெரிந்துவிடும். சென்னையிலும் இதையே செய்யுங்கள். மாலைப் பிரிவுக்கு ஆய்வகம் எத்தனை மணிக்குத் திறந்திருக்கும், ஆராய்ச்சி செய்யும் ஆசிரியர்கள் மாலைப் பிரிவுக்கு வகுப்பு எடுக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். காலைப் பிரிவின் பெயரைக் காட்டி மாலைப் பிரிவில் சேர்ப்பது பல இடங்களில் நடக்கிறது.

உச்சிப்புளி மாணவன்:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். பொறியியல் படிக்கிறேன், அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி. எனக்கும் இதே கவலைதான். ஜெர்மனிக்கு முயற்சி செய்யலாமா?

கீழக்கரை வாசி:

தாராளமாக. அங்கே கல்லூரிப் பெயரைவிட மதிப்பெண் கணக்குக்குத்தான் மதிப்பு. உங்கள் சராசரி 10-க்கு 8, தேர்ச்சி எல்லை 5 என்றால்: 10-இலிருந்து 8-ஐக் கழித்து, அதை 5-ஆல் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டுங்கள், 2.2 வரும். அங்கே 1 தான் உச்சம், எண் கூடக்கூட மதிப்புக் குறையும். 2022 நவம்பர் முதல், நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றும் கட்டாயம், அதற்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். இந்தியாவிலேயே என்றால் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். மேலும் கேட்பதென்றால் தனி இழை தொடங்குங்கள் தம்பி, இங்கே அந்தப் பெண்ணின் விஷயம் முடியட்டும்.

பாம்பன் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா எழுதியதைப் படித்தேன், நானே பதில் சொல்கிறேன். ஆசிரியர் ஐயா கேட்டதற்கு: எனக்குக் கடல்புல்லும் அதை நம்பி வாழும் உயிரினங்களும்தான் ஆர்வம். மீன் பண்ணை இல்லை. அதனால் விலங்கியல் சரி என்று நினைக்கிறேன்.

எனக்கு மூன்று சந்தேகங்கள். அரசுக் கல்லூரிக்குப் போக வர பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அந்த நேரத்தையும் வைத்துக்கொண்டு நுழைவுத் தேர்வுக்குப் படிக்க முடியுமா? எனக்கு ஆங்கிலத்தில் எழுதுவது தடுமாற்றம். சென்னைக்குப் போனால் அது தானாகச் சரியாகுமா? மூன்றாவது, ஜாம் உயிரித்தொழில்நுட்பத் தாளில் கணிதம் உண்டு என்று பார்த்தேன். விலங்கியலில் சேர்ந்தால் மூன்று ஆண்டு கணிதத்தைத் தொடவே மாட்டேனே?

கடல் கடந்தவள்:

தங்கச்சி, ஆங்கிலம் தானாகச் சரியாகாது, எந்த ஊரிலும். நான் எம்.எஸ்சி. சேர்ந்தபோது ஒரு பத்தி எழுத ஒரு நாள் ஆகும். படித்த ஆய்வுக் கட்டுரையின் சாரத்தை வாரம் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி, எனக்கு மேல் படித்த அக்காவிடம் காட்டித் திருத்தினேன். விண்ணப்பக் கட்டுரை எழுதும் நேரம் வந்தபோது அந்தப் பயிற்சிதான் கைகொடுத்தது. உனக்கு எழுதிக் காட்ட ஆள் வேண்டும் என்றால் நான் இருக்கிறேன். இந்தத் தளத்திலேயே செய்தி அனுப்பு.

கடல்புல் என்று நீ தெளிவாகச் சொன்னதே பெரிய விஷயம். பாக் நீரிணையின் கடல்புல் வெளிகள் உன் வாசலில் இருக்கின்றன. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் மூன்றாண்டுக்குள் அதைப் பற்றி ஒரு சிறு ஆய்வாவது செய்துவிடு.

பரமக்குடி ஓய்வு ஆசிரியர்:

அம்மா, மூன்றாவது கேள்வி சரியான கேள்வி. ஜாமில் விலங்கியலுக்குத் தனித்தாள் கிடையாது. உயிரித்தொழில்நுட்பத் தாளில் உயிரியல் ஒரு பகுதிதான். மீதி வேதியியல், கணிதம், இயற்பியல். அங்கே கேட்கும் கணிதமும் இயற்பியலும் பெரும்பாலும் நீ பிளஸ் ஒன், பிளஸ் டூவில் படித்த அளவுதான். அந்தப் புத்தகங்களை யாருக்கும் கொடுத்துவிடாதே. வாரத்தில் இரண்டு நாள் கணக்குப் போட்டுக்கொண்டிரு. மூன்றாண்டு விட்டுவிட்டு மறுபடி பிடிப்பது பெரும்பாடு. துணைப்பாடமாக வேதியியல் கிடைக்கிறதா என்று பார்த்துச் சேர். கடலியலுக்கு மட்டும் என்றால் க்யூட், குசாட், பரங்கிப்பேட்டை ஆகியவற்றில் கணிதத்தின் சுமை இல்லை.

பஸ் நேரம் உண்மையான இழப்புதான், அதை மறைக்க மாட்டேன். கல்லூரிக்குப் பக்கத்தில் அரசு மாணவியர் விடுதியில் இடம் கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் அது உண்டு.

என் கருத்தைக் கேட்டால்: உதவிபெறும் பிரிவு கிடைத்திருந்தால் சென்னைக்குப் போ என்று சொல்லியிருப்பேன். சுயநிதி மாலைப் பிரிவுக்கு அப்பா கடன் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை எம்.எஸ்சி.க்கு வையுங்கள். பரங்கிப்பேட்டையோ கொச்சியோ போர்ட் பிளேரோ, அங்கே போகும்போது செலவு உண்டு, அந்தச் செலவுக்குப் பலனும் உண்டு.

கீழக்கரை வாசி:

நான் இன்னும் சென்னைப் பக்கம்தான் சாய்கிறேன். வெளியூர் வாழ்க்கை ஒரு பெண்ணுக்குத் தரும் துணிச்சலையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் மாலைப் பிரிவு என்று தெரிந்தபின் கடன் வாங்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. காக்கா, முடிவு எதுவானாலும் நுழைவுத் தேர்வுப் புத்தகங்கள் வாங்குகிற செலவு என்னுடையது. மகளிடம் பட்டியல் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

பாம்பன் தகப்பன்:

எல்லோருக்கும் நன்றி. இன்று மகளும் நானும் அரசுக் கல்லூரிக்குப் போய் ஆய்வகத்தைப் பார்த்தோம். நுண்ணோக்கிகள் பயன்பாட்டில்தான் இருந்தன. எண்ணிக்கை குறைவு, மூன்று பேருக்கு ஒன்று என்றார்கள். துறையில் ஓர் அம்மா மண்டபத்து நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்தவராம், மகளிடம் அரை மணி நேரம் பேசினார். திரும்பும்போது அவள் முகத்தைப் பார்த்தேன், எனக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு சிக்கல்: சென்னைக் கல்லூரிக்கு இடத்தைப் பிடித்து வைக்க ஒரு தொகை கட்டி, அசல் சான்றிதழ்களையும் கொடுத்துவிட்டோம். அதைத் திரும்ப வாங்க முடியுமா?

சென்னை வகுப்பறை:

முடியும் ஐயா. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்றும், விலகும் மாணவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது சேர்க்கையின் கடைசித் தேதிக்கு எத்தனை நாள் முன்பு விலகுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் தள்ளிப்போடாதீர்கள். முதல்வர் பெயருக்கு விலகல் கடிதம் எழுதி, பணம் கட்டிய ரசீதின் நகலை இணைத்து, மின்னஞ்சலிலும் அனுப்பி, பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். திங்கள்கிழமை நான் கல்லூரியில் இருப்பேன். அலுவலகத்தில் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.